ஹேங் ஆவது வேறு, அணைந்து எழுவது வேறு

செல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2013-ல் அப்பா வாங்கிய அசெம்பிள்டு சிஸ்டம். மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 10. ஒரு யுபிஎஸ் உண்டு, அதற்கு 2019-ல் பேட்டரி மாற்றியது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓடுகிறது. தறிக் கணக்கு முழுவதும் டேலி என்ற கணக்கு மென்பொருளில், அந்த ஒரே மெஷினில். இரண்டு மாதமாக எதைத் திறந்தாலும் திரை உறைந்து நிற்கிறது, ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே விடுகிறது. அது போக, சாயங்காலத்தில் திடீரென்று அணைந்து மறுபடி எழுகிறது. ஒருமுறை நீலத்திரை வந்தது, படிப்பதற்குள் மறைந்துவிட்டது. கடையில் இரண்டு தடவை ஃபார்மேட் அடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி ஆகிவிட்டது. இப்போது "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க" என்கிறார்களாம். உண்மையிலேயே மதர்போர்டுதானா என்பது அவர் கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மதர்போர்டு என் சந்தேகத்தில் கடைசியாகத்தான் வருகிறது. மதுரையில் இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். பழைய மெஷின்களில் நான் அடிக்கடி பார்ப்பது என்னவென்றால், ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருக்கும். நாம் ஒன்றைச் சரி செய்வோம், இன்னொன்று தொந்தரவைத் தொடரும். உடனே "எதை மாற்றினாலும் சரியாகவில்லை, அப்படியானால் போர்டுதான்" என்று முடிவு கட்டிவிடுவோம். உங்கள் சிஸ்டத்திலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். உறைந்து நிற்பது ஒரு வியாதி. அணைந்து எழுவது வேறு வியாதி. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள். தனித்தனியாகத் தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தறி ஓடியதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கே டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். டேலிக்குள்ளேயே பேக்கப் எடுக்கும் வசதி உண்டு, அதையும் எடுத்து, ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள். அடுத்து வீட்டுப் போட்டோக்கள். சினிமா, பாட்டெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஏன் இவ்வளவு அவசரம் என்பது ஹார்டுடிஸ்க் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதலில் அணைந்து எழும் விஷயம். சாயங்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் துப்பு. கெட்டுப்போன மதர்போர்டுக்குக் காலை மாலை தெரியாது. சாயங்காலம் தெரு முழுக்க லைட்டும் ஃபேனும் மோட்டாரும் ஓடும் நேரம், வோல்டேஜ் இறங்கும். பக்கத்திலேயே உங்கள் தறி மோட்டார். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு லைட் ஒரு தடவை மங்கி எரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் சிமிட்டலில் யுபிஎஸ் லைனை விட்டுவிட்டுப் பேட்டரிக்கு மாற வேண்டும். மாறச் சில மில்லி விநாடி ஆகும். அதுவரை, கேபினெட்டுக்குள் எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும். முழு லோடில் ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது மேசைக் கணினிகளில் போடும் ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ்களுக்கு வகுத்த விதி. புதிதாக இருந்தபோது உங்களுடையதும் தாங்கியிருக்கும். ஆனால் இந்தக் கப்பாசிட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பத்துப் பன்னிரண்டு மதுரைக் கோடையில் வெந்த கப்பாசிட்டரிடம் பழைய தெம்பை எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று வருஷம் ஓடினால் பெரிய விஷயம். 2019-ல் போட்ட பேட்டரி இன்றைக்கு வெறும் எடைதான்.

சோதிப்பது சுலபம். சிஸ்டத்தை ஷட்டவுன் செய்துவிட்டு அதன் வயரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றுங்கள். அந்த இடத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி, யுபிஎஸ்ஸுக்கு வரும் மெயின் சுவிட்சை அணையுங்கள். பல்பு பத்து நிமிடமாவது எரிய வேண்டும். உடனே அணைந்தால், அல்லது ஒரு நிமிடத்தில் யுபிஎஸ் கதறிக்கொண்டு நின்றால், பேட்டரி போயிற்று. அதை மாற்றியும் சிஸ்டம் அணைந்து எழுகிறதென்றால் அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். மல்டிமீட்டர் வைத்திருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே பாருங்கள், 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். கண்ணிமைக்கும் நேரச் சரிவை அந்த மீட்டர் காட்டாது. தெரிந்தவர்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு நாளைக்கு வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மேலூரில் ஒரு வீட்டில் எஸ்எம்பிஎஸ் காற்றுத் துளை வழியாகப் பல்லி புகுந்து கருகிக் கிடந்தது. அதை எடுக்கிறேன் என்று அந்த வீட்டுப் பையன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தான். நல்லவேளையாக நான் போய்ச் சேர்ந்தேன்.

இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்தில் ஒருவருக்கு இதே புகார். ராம் மாற்றினேன், எஸ்எம்பிஎஸ் மாற்றினேன், விண்டோஸும் புதிதாகப் போட்டேன். ஒரு மாதம் அவரை அலைக்கழித்த பிறகுதான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாக்கெட்டுக்குள் பித்தளைத் தகடு தளர்ந்து, பிளக் ஆடினால் பொறி தட்டியது. யாராவது நடந்து போனாலே சிஸ்டம் அணையும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கேபினெட்டைத் திறக்கும் முன் சுவரிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

சுவர் என்றதும் இன்னொன்று. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அப்படியானால் உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினெட்டில் வீட்டு மின்சாரத்தின் பாதி அளவு வோல்டேஜ் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் பிரிண்டர், பென்டிரைவ் செருகும்போது போர்ட்டுகள் போவதற்கு இது ஒரு காரணம். தறிக்கு வரும் வயர்மேனிடம் சொன்னால் எர்த்தைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்.

இனி உறைவது. அடுத்த தடவை உறையும்போது இரண்டைக் கவனியுங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் சாகவில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் அது முழு மயக்கம். இரண்டாவது, கேபினெட் முகப்பில் ஹார்டுடிஸ்க் விளக்கு. அது சிமிட்டாமல் ஒரே மூச்சாக எரிந்துகொண்டிருந்தால் காத்திருப்பது டிஸ்க்குக்காகத்தான். ஐந்து நிமிடத்தில் தானாக விடுகிறது என்று நீங்கள் சொல்வதே இதைத்தான் காட்டுகிறது. டிஸ்க்கில் ஒரு இடம் படிக்க வராமல் போனால் அது விடாமல் திரும்பத் திரும்ப முயலும். அதுவரை விண்டோஸ் வாயைத் திறக்காது.

அப்படியானால் ஃபார்மேட் அடித்ததும் பத்து நாள் ஏன் நன்றாக ஓடியது? ஹார்டுடிஸ்க்கில் படிக்க முடியாத இடத்தின் மேல் புதிதாக எதையாவது எழுதினால், டிஸ்க் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, கைவசம் வைத்திருக்கும் மாற்று இடத்தில் எழுதிக்கொள்ளும். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது இது பல இடங்களில் நடக்கிறது, அதனால் குணமானது போல் தெரியும். தேய்மானம் நிற்பதில்லை. அடுத்த வாரம் வேறு இடம் போகும். கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஃபார்மேட் அடித்தால் அன்றைக்குச் சரியாகிவிடுவதைப் பார்த்து அவரும் நம்பியிருப்பார்.

உறுதி செய்ய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மேலே நீலத்தில் 'குட்' என்று இருந்தால் நல்லது, மஞ்சளில் 'காஷன்' வந்தால் விடைபெறும் காலம். கீழே இருக்கும் பட்டியலில் 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' இரண்டையும் பாருங்கள். முதலாவது ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட இடங்கள், இரண்டாவது இப்போது இழுபறியில் இருப்பவை. சுழியமாக இருக்க வேண்டியவை இவை. கடைசிப் பத்தியில் இருக்கும் எண்கள் பதினாறடிமானத்தில் (எழுத்தும் கலந்து வரும் ஹெக்ஸ் எண்களில்) காட்டப்படும், செட்டிங்கில் நாம் வழக்கமாக எழுதும் பதின்மத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 'சிஆர்சி எரர்' எண் மட்டும் ஏறிக்கொண்டே போய், மற்றவை சுத்தமாக இருந்தால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். அது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள். நூறு இருநூறு ரூபாய் சமாசாரம்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் ஒரு தப்பு, யாரோ சொன்னார்கள் என்று உடனே, டிஸ்க்கைப் பரிசோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை முழு ஸ்கேனில் ஓட்டுவது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஒரு மூலை விடாமல் படிக்கச் சொல்லும் வேலை அது. டேட்டாவை எடுக்கும் முன்னால் அதைச் செய்தால் எடுக்கவே முடியாமல் போகலாம். உள்ளேயிருந்து கட் கட் என்று சத்தம் வர ஆரம்பித்தால் காப்பியைக்கூட நிறுத்தி அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு டேட்டா மீட்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

சூடு. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தறி வீடு என்பதால் சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களிலிருந்து கத்திரி முடியும்வரை என்னிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலானவை சூட்டில் படுத்தவை. சாதாரண வீட்டில் தூசி தூசியாகத்தான் இருக்கும். தறி வீட்டில் பஞ்சு. பிராசஸர் மேல் இருக்கும் விசிறிக்கும் அதற்குக் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து கம்பளி விரித்தது போல் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் விசிறி ஜோராகச் சுற்றும், கீழே காற்றே போகாது. விசிறியைக் கழற்றினால்தான் தெரியும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். அப்புறம், இந்த இன்டெல் விசிறிகளை மதர்போர்டில் பிடித்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். ஒன்று நழுவியிருந்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பிராசஸர் காயும். கூலரை முழுசாகக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிய தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லையென்றால் இதை மட்டும் கடையில் செய்துகொள்ளுங்கள்.

சூட்டுக் கோளாறுக்கு அடையாளம் இதுதான்: போட்டவுடன் நன்றாக ஓடும், அரைமணி நேரத்தில் படுக்கும், உடனே திரும்பப் போட்டால் இன்னும் சீக்கிரம் படுக்கும், ஆறவிட்டால் மறுபடி ஓடும். பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும். கேபினெட்டைக் கம்ப்யூட்டர் டேபிளின் மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். அந்த டேபிளை வடிவமைத்தவர் மதுரையில் மே மாதம் இருந்து பார்த்திருக்க மாட்டார்.

நீலத்திரை ஒருமுறை வந்து மறைந்தது என்றீர்கள். மறையாமல் நிற்க வைக்கலாம். 'திஸ் பிசி'யில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்', அதில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி'. அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை வந்தால் செல்போனில் படம் எடுங்கள். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் அல்லது கேபிள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயராக வந்தால், ராமைச் சந்தேகப்படுங்கள். ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்து, கிளிப் சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இது கைவைத்தியம் போலத் தோன்றும், ஆனால் கேட்கும். அதோடு நிறுத்தாமல் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் ஆகாது. இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்க வேண்டும்.

விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பவர் சப்ளை போயிற்று என்று நிறையப் பேர் ஓடிவருகிறார்கள். விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதைத் திறந்து 'பக்செக்கோட்' என்ன என்று பாருங்கள். சுழியம் என்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கிறது, அல்லது உறைந்து நீங்களே பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. அதே பட்டியலில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 வரிசையாக இருந்தால், மேலே சொன்ன டிஸ்க் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

மென்பொருள் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றைத் தூக்குங்கள். வேகப்படுத்தித் தருகிறேன் என்று வரும் எந்த மென்பொருளும் வேண்டாம்.

இப்போது மதர்போர்டுக்கு வருவோம். அது குற்றவாளியா என்று தெரிய ஒரு நேர்மையான பரிசோதனை உண்டு. பழைய ஹார்டுடிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, பென்டிரைவில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, அதிலிருந்தே சிஸ்டத்தைக் கிளப்புங்கள். 4 ஜிபி ராமில் அது ஓடும். தறி நின்ற நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் இணையம் பாருங்கள், வீடியோ ஓடவிடுங்கள். உறையாமல் ஓடினால் போர்டு, பிராசஸர், ராம் மூன்றும் பெரும்பாலும் தப்பித்துவிட்டன, குற்றம் டிஸ்க்கிலோ விண்டோஸிலோ. பிறகு தறி ஓடும் நேரத்திலும் அதையே செய்யுங்கள். அப்போது மட்டும் அணைந்தால் மின்சாரம். இரண்டு நேரத்திலும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சோதித்த ராமும் போட்ட பிறகும் படுத்தால்தான் போர்டு. அப்போது பிராசஸரைச் சுற்றி நிற்கும் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியவை உப்பியோ கசிந்தோ இருந்தால் விவாதமே வேண்டாம்.

அப்படி போர்டுதான் என்று ஆனால், அதே காலத்துப் பழைய போர்டைத் தேடி அலையாதீர்கள். அதுவும் பத்துக் கோடையைப் பார்த்த போர்டாகத்தான் கிடைக்கும். புதிய சிஸ்டம் வாங்குவதே லாபம். ஆனால் இவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன். யுபிஎஸ் பேட்டரி, ஒருவேளை எஸ்எம்பிஎஸ், ஹார்டுடிஸ்க்குக்குப் பதில் ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), உங்கள் போர்டு ஏற்கும் டிடிஆர்3 வகையில் இன்னொரு 4 ஜிபி ராம். இவ்வளவில் முடியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், ஒன்றை மாற்றி மூன்று நாள் பாருங்கள். எஸ்எஸ்டியில் போட்ட பணம் வீணாகாது, நாளைக்குப் புது சிஸ்டம் வாங்கினாலும் அதில் மாட்டிக்கொள்ளலாம். பழைய ராம் அப்படிப் பொருந்தாது, அதனால் அதைக் கடைசியில் வாங்குங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் சிலவற்றைத் தவிர மற்றவற்றை முறைப்படி ஏற்பதில்லை, உங்களுடையது மூன்றாவது. டேலிக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால், இந்த மெஷினின் விண்டோஸை இணையத்தில் சேர்க்காமல் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலை, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் வேறு மெஷினில் இருக்கட்டும். உங்கள் படிப்புக்கு என்றால் அதே எஸ்எஸ்டியில் லினக்ஸையும் பக்கத்தில் போட்டு, இணையம் வேண்டும்போது அதில் நுழையலாம், தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ படத்தையும் ஒரு வாரக் குறிப்பையும் அனுப்புங்கள், எதை முதலில் வாங்குவது என்று சொல்கிறேன். அதுவரை ஃபார்மேட் அடிக்க யாரிடமும் கொடுக்க வேண்டாம்.